பூஜையில் வைத்த சாவிகள்

ஜூலை 8, திங்கள்

இன்று முதலாளியிடம் கேட்டுவிட்டேன். வாரக்கணக்கில் மனதுக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு, ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

விஷயம் இதுதான். என் மனைவி பகவதிக்கு முதுநிலை ஆசிரியையாகப் பதவி உயர்வு வந்தது. நாகர்கோவிலில் பள்ளி கிடைத்தது. எங்கள் சொந்த ஊர்தான். ஜூன் மாதமே மகள் ஆதிரையையும் அழைத்துக்கொண்டு போய்விட்டாள். நான் மட்டும் நாமக்கல்லில் இருக்கிறேன், கோழிக்குஞ்சு பொரிக்கும் ஒரு ஹேச்சரியின் சிஸ்டம்ஸ் மேனேஜராக. கோழி அடைகாத்த காலம் போய், இப்போது அடைகாப்பது 'செட்டர்' என்கிற ஆள் உயர இயந்திரம். அதன் சூடு, ஈரம், காற்று எல்லாவற்றையும் கண்ட்ரோல் ரூமில் இருக்கிற ஒரே கணினியில் பார்க்கலாம், மாற்றலாம். அந்தக் கணினியை நாகர்கோவிலில் உட்கார்ந்துகொண்டு பார்த்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்டேன்.

சென்னியப்பன் ஐயா வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்தார். "பாக்க முடியுமுன்னா அங்கிருந்தே பாருங்க தம்பி. மாசத்துக்கு ஒருக்கா வந்து தலையக் காட்டுனாப் போதும். ஆனா ஒண்ணு. கண்ட பயலும் உள்ள வந்து மெஷினைத் திருகிறக்கூடாது. நல்லா ஓட்டிக் காட்டுங்க. தீபாவளிக்கு அப்புறம் நீங்க கிளம்பிக்கலாம்."

எனக்குத் தனியாக இருப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை என்பதை இங்கே குறித்துவைக்கிறேன். நிர்வாக வசதியை முன்னிட்டே கேட்டேன்.

ராத்திரிக்குத் தோசை. மாவு புளித்துப்போயிருந்தது. சாப்பிட்டேன்.

ஜூலை 11, வியாழன்

செட்டர் கம்பெனியின் சர்வீஸ் இன்ஜினியர் ஜெரால்டு கோயமுத்தூரிலிருந்து வந்தான். கையில் ஸ்குரூடிரைவர், வாயில் எல்லாவற்றுக்கும் பதில்.

"ஏனுங் சார் இவ்ளோ யோசிக்கறீங்க? ரௌட்டர்ல ஒரு போர்ட்டைத் தொறந்துவிட்டா வேலை முடிஞ்சுது. உலகத்துல எங்கிருந்து வேணாலும் மெஷினைப் பாத்துக்கலாமுங்."

"உலகத்தில் எவன் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். அதையும் சேர்த்துச் சொல்லுங்க."

"நம்ம முட்டையப் பாத்து எவனுக்குங் சார் என்னாகப் போவுது?"

இப்படிக் கேட்பவர்களால்தான் நாட்டில் பாதி ஆபத்து. கதவு திறந்திருக்கிறதா என்று நாள் முழுக்க ஊர் ஊராகத் தட்டிப் பார்த்துக்கொண்டே திரிகிற புரோகிராம்கள் இருக்கின்றன. முட்டையா முந்திரியா என்று அவை பார்ப்பதில்லை. உள்ளே நுழைந்து எல்லாவற்றையும் பூட்டிப்போட்டுப் பணம் கேட்பார்கள். அதற்குள் குஞ்சுகள் வெந்துவிடும். இதை அவனுக்குப் பொறுமையாக விளக்கினேன். பொறுமையாக என்றுதான் நான் நினைக்கிறேன். கணக்குப்பிள்ளை எழுந்து வந்து கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி ஒன்று காத்திருந்தது. இந்த மகானுபாவன் போன வருஷமே கண்ட்ரோல் ரூம் கணினியில் இலவசத் திரைப்பகிர்வுச் செயலி ஒன்றைப் போட்டுவைத்திருக்கிறான். கோயமுத்தூரில் இருந்தபடியே உள்ளே வந்து போயிருக்கிறான். பாஸ்வேர்டு, கம்பெனி பெயரும் ஒன்று இரண்டு மூன்றும். கேட்டால், "ரிப்பேருக்கு வரப்போக பெட்ரோல் மிச்சமுங் சார்" என்கிறான்.

அந்தச் செயலி அங்கே இருப்பது எனக்கும் தெரியும் என்பது வேறு விஷயம்.

ஜூலை 19, வெள்ளி

அறிக்கை கொடுத்தேன். மூன்று வழிகள். முதல் வழி, போர்ட்டைத் திறந்துவிடுவது: வீட்டுக் கதவைக் கழற்றி வைத்துவிட்டுத் தூங்குவதற்குச் சமம். இரண்டாவது, திரைப்பகிர்வுச் செயலி: கதவு இருக்கிறது, சாவி ஊரில் பாதிப் பேரிடம் இருக்கிறது. மூன்றாவது என் வழி. வி.பி.என். என்கிற பூட்டிய பாதை. அதில் நுழைய ஆளுக்கொரு தனிப்பெயர், தனிப் பாஸ்வேர்டு. அதுவும் போதாது. கட்டைவிரல் அளவில் ஒரு சாவி, அதைக் கணினியில் செருகினால்தான் பாதை திறக்கும். பாஸ்வேர்டைத் திருடலாம். சாவியைத் திருட நேரில் வரவேண்டும்.

ஐயாவுக்கு முதல் இரண்டு பக்கத்தில் கொட்டாவி வந்தது. சாவி என்றதும் நிமிர்ந்தார்.

"நெசமாலுமே சாவியா?"

"நிஜச் சாவிதான் ஐயா. கையில் பிடிக்கலாம். கொத்தில் கோக்கலாம்."

"அதப் போடுங்க. சாவின்னு ஒண்ணு கையில இருந்தாத்தான் தம்பி பூட்டுன மாதிரி இருக்குது."

தொழில்நுட்பத்தின் சாரத்தை ஒரே வாக்கியத்தில் பிடித்துவிட்டார். மனிதரைப் பற்றி நான் வைத்திருந்த அபிப்பிராயம் இன்று கொஞ்சம் உயர்ந்தது.

ஜூலை 30, செவ்வாய்

சாவிகள் வந்துவிட்டன. ஐயாவுக்கு ஒன்று, அவர் மகனுக்கு ஒன்று, ஆபரேட்டருக்கு, ஜெரால்டுக்கு, எனக்கு. அவசரத்துக்கு உபரியாக ஒன்று. இனி கண்ட்ரோல் ரூம் கணினியே சாவி செருகினால்தான் திறக்கும்.

விதிமுறைகள் எழுதி, கையெழுத்திட்டு, செட்டர் ஹால் கதவில் ஒட்டினேன். குளித்து உடை மாற்றாமல் யாரும் உள்ளே போகக்கூடாது என்ற பழைய விதிக்குக் கீழே. விதி ஆறு: வெளியூரிலிருந்து இணைகிற உரிமை முதலாளிக்கும், ஒப்பந்தத்தில் இருக்கிற வெளியாட்களுக்கும் மட்டும், ஊழியர்களுக்கு முதலாளி அனுமதித்தால் மட்டும். விதி ஏழு: திரைப்பகிர்வுச் செயலி எதையும் எந்தக் கணினியில் யார் வைத்திருந்தாலும், எந்தப் பதவியில் இருந்தாலும், உடனடிப் பணிநீக்கம்.

'எந்தப் பதவியில் இருந்தாலும்' என்பதை நானாகத்தான் சேர்த்தேன். வாசிக்க நன்றாக இருந்தது.

வாட்ச்மேன் ராக்கியண்ணன் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்துவிட்டு, "கோர்ட்டு ஆர்டர் மாதிரி இருக்குதுங் சார்" என்றார். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

எல்லாக் கணினிகளிலிருந்தும் அந்தச் செயலியை நீக்கினேன். ஒவ்வொன்றையும் நீக்கும்போது ஜெரால்டைப் பக்கத்தில் நிற்கவைத்தேன். கற்றுக்கொள்ளட்டும்.

கண்ட்ரோல் ரூம் கணினியில் மட்டும், அவன் வைத்திருந்ததை நீக்கிவிட்டு, என்னுடையதை விட்டுவைத்திருக்கிறேன். இது விதிமீறல் ஆகாது. வரிசைப்படி சொல்கிறேன். ஜூனில் பகவதியின் லேப்டாப் மக்கர் பண்ணியபோது, இங்கிருந்தே சரிசெய்வதற்காக இரண்டு கணினியிலும் அதைப் போட்டேன். சரிசெய்து முடித்த அன்று, ஆதிரை அந்தப் பக்கம் உட்கார்ந்து எதையோ தட்ட, இங்கே என் திரையில் எலிவால் மாதிரி ஒரு கோடு தானாக ஓடியது. வட்டம் வந்தது. வட்டத்துக்குள் இரண்டு கண் வந்தது. பிறகு போனில், "அப்பா, அது நீங்க" என்றாள்.

அதிலிருந்து சாயங்காலம் ஹோம்வர்க் முடிந்ததும் அவள் அங்கிருந்து வரைவதும், நான் டியூட்டி முடிந்து இங்கே உட்கார்ந்து பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது. இதனால் இரண்டு ஊருக்கும் இடையிலான இணைப்பின் வேகம் தினமும் சோதிக்கப்படுகிறது. சோதனை அவசியம். ஆகவே ஒரு விதிவிலக்கு. பெயர்ப் பதிவில் 'ஆதிரை' என்றே கொடுத்திருக்கிறேன். ஒளிவுமறைவு கிடையாது.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். சாயங்காலம் இணைப்பு சோதிக்கப்பட்டது. ஒரு சேவல், இரண்டு மேகம், ஒரு கொடி. கொடியில் பச்சை மேலே வந்துவிட்டது. திருத்தவில்லை.

ஆகஸ்ட் 28, புதன்

இன்று நேரடிச் சோதனை. ஐயாவையும் காரில் ஏற்றிக்கொண்டு சேலம் போனேன். ஒரு ஹோட்டலில் லேப்டாப்பைத் திறந்து, சாவியைச் செருகி, பாஸ்வேர்டு போட்டேன். நாமக்கல்லில் இருக்கிற நாலாம் நம்பர் செட்டரின் சூடு சேலத்தில் தெரிந்தது. ஐயா ரோஸ்டைப் பிய்ப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பிறகு சாவியைப் பிடுங்கச் சொன்னார். பிடுங்கினேன். திரை போய்விட்டது. மறுபடி செருகச் சொன்னார். வந்தது. குழந்தை மாதிரி நாலைந்து தடவை இதையே செய்யவைத்தார்.

"அப்ப பண்டிகை நாள்ல ஆபரேட்டரைப் புடிச்சு வெக்க வேண்டியதில்லீங்களே? அவனும் பொண்டாட்டி புள்ளைகளோட இருந்துட்டுப் போறான்."

"தேவையே இல்லை ஐயா. நாம் எங்கிருந்தும் பார்த்துக்கொள்ளலாம்."

திரும்பி வரும் வழியில் அவராகவே சொன்னார்: "தீபாவளி முடிஞ்சதும் நீங்க மூட்டையக் கட்டுங்க."

பகவதிக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "மெத்தையை வெயில்ல போடணும்" என்றாள்.

செப்டம்பர் 9, திங்கள்

ஜெரால்டு ஒரு யோசனை சொன்னான். உபரிச் சாவியை ஆபீசிலேயே வைக்காமல் வேறு எங்காவது வைக்கலாமாம். நம்பகமான யாராவது ஒருவர் வீட்டில். "எல்லாச் சாவியும் ஒரே எடத்துல இருந்து, அந்த எடத்துக்கே போவ முடியாமப் போச்சுன்னா என்னங் சார் பண்ணுவீங்க?"

அப்படி எந்த முட்டாள் எல்லாச் சாவியையும் ஒரே இடத்தில் வைப்பான் என்று கேட்டேன். அவன் ஸ்குரூடிரைவரைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டான்.

செப்டம்பர் 24, செவ்வாய்

சோறு குழைந்துவிட்டது. ஒரு ஆளுக்குச் சமைப்பதற்குத் தனி அளவு ஒன்று இருக்கவேண்டும், யாரும் சொல்லித் தரவில்லை.

அக்டோபர் 10, வியாழன்

ஆயுத பூஜை நாளைக்குத்தான். ஆனால் ஐயா குடும்பத்தோடு கொல்லிமலையில் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க விடிகாலையில் கிளம்புவதால், ஹேச்சரியில் பூஜையை இன்று சாயங்காலமே நடத்திவிட்டார்.

சொல்லக்கூடாது, அமர்க்களம். வாசலில் வாழைமரம், செட்டர் ஒவ்வொன்றுக்கும் விபூதிப் பட்டை, நடுவில் சந்தனம், குங்குமம். காற்று இழுக்கிற விசிறியின் வலைக்கம்பி மேல்கூட ஒரு சாமந்தி மாலை. பொரி, கடலை, சுண்டல். பூசணிக்காய் உடைத்தார்கள்.

பிறகு ஐயா எல்லோரையும் பார்த்து, "சாவியெல்லாம் எங்கீங்க?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. லாரிச் சாவி, ஜெனரேட்டர் சாவி, செட்டர் ஹால் பூட்டுச் சாவி எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வாழையிலையில் வரிசையாக இருந்தன. எங்கள் சாவிகளைக் கேட்கிறார். அவரே தன்னுடையதைக் கொத்தோடு அவிழ்த்து வைத்தார். மகன் வைத்தார். ஆபரேட்டர் வைத்தான். ஜெரால்டும் பொரி வாங்க வந்த இடத்தில் மாட்டிக்கொண்டான். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன், மறுபேச்சு இல்லாமல் வைத்துவிட்டுக் கன்னத்திலும் போட்டுக்கொண்டான்.

"ஐயா, என்னுடையது நாளைக்கு ஊரில் தேவைப்படும்."

"அட, சனிக்கிழமை வெடியால வந்து எடுத்துத் தந்தர்றேன். ஆயுத பூஜையன்னைக்கு ஆயுதத்துக்கு ரெஸ்ட்டுத் தம்பி. நீங்களே புதுசா ஒரு ஆயுதம் கொண்டாந்திருக்கீங்க, அதுக்குப் பூஜை போடாம வுட்டா நல்லாவா இருக்கும்?"

"சரி ஐயா, உபரிச் சாவியாவது..."

"ஒண்ணுக்குப் பூஜை போட்டு ஒண்ணை விட்டாப் பாவமுங்க." அதையும் லாக்கரிலிருந்து எடுத்து வரச் சொன்னார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் பதினேழு வருஷ வேலையில் நான் கொண்டுவந்த எந்தப் பொருளுக்கும் யாரும் சந்தனம் வைத்ததில்லை. அந்தச் சின்னச் சாவியின் நெற்றியில் அவர் விரலால் குங்குமம் ஒற்றியதைப் பார்த்தேன். வைத்துவிட்டேன்.

பூஜையறையைப் பூட்டி, அந்தச் சாவியை ஐயா இடுப்பில் செருகிக்கொண்டார். ஆபரேட்டருக்கு லீவு. ராக்கியண்ணன் மட்டும் வாசலில். நான் நாகர்கோவில் பஸ்ஸில் இருந்து இதை எழுதுகிறேன். பைக்குள் ஆதிரைக்குக் கலர் பென்சில்.

அக்டோபர் 11, வெள்ளி

வரிசையாக எழுத முயல்கிறேன்.

காலையில் வந்து சேர்ந்தேன். ஆதிரை ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டவள் விடவே இல்லை. அப்படியே இழுத்துக்கொண்டே பல் தேய்த்தேன். வீட்டிலும் பூஜை. அவள் புத்தகங்கள், பகவதியின் பேனா, சிவப்பு மசி, அரிவாள்மனை, அதற்கு மேல் லேப்டாப். எல்லாவற்றுக்கும் பொட்டு. சுண்டல், அவல், பாயசம். சாப்பிட்டுத் தூங்கினேன். பல மாதத்துக்குப் பிறகு தூக்கம் தூக்கமாக இருந்தது.

வெயில் தாழும்போது போன் அலறியது. ஹேச்சரியிலிருந்து எச்சரிக்கைச் செய்தி. நாலாம் நம்பர் செட்டர், சூடு நூறைத் தாண்டிவிட்டது. ஃபாரன்ஹீட் கணக்கில் தொண்ணூற்றொன்பதரையில் இருக்கவேண்டும். முட்டைக்குள் குஞ்சு முழுசாக வளர்ந்துவிட்ட தறுவாயில் அதுவே சூட்டை விடும், நாம் காற்றை விட்டுத் தணித்துக்கொண்டே இருக்கவேண்டும். காற்று நின்றுபோயிருக்கிறது.

செய்தி வெளியே வருகிறது. நான் உள்ளே போக முடியாது. என் சாவி நாமக்கல்லில் சரஸ்வதி முன்னால் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது.

ஐயாவுக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மகனுக்கு அடித்தேன். அதே குரல், அதே எல்லை. கொல்லிமலையில் அவர்கள் பொங்கல் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். ஆபரேட்டர் பெண்டாட்டி ஊருக்குப் போய்விட்டான். அவனிடமும் சாவி இல்லை. ஜெரால்டு எடுத்தான். "சார், என் சாவியும் அங்கதானுங் சார் இருக்குது" என்றான். செப்டம்பரில் சொன்னதைச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

ராக்கியண்ணனைக் கூப்பிட்டேன்.

"செட்டர் ஹாலைத் திறந்து நாலாம் நம்பர் கதவைத் திறந்துவிடுங்க."

"சாவி பூஜை ரூம்புலீங் சார்."

"பூட்டை உடைங்க."

"ஐயா சொல்லாம ஒடைக்க மாட்டனுங் சார். குளிக்காம உள்ள போவக்கூடாது, அனுமதி இல்லாம போவக்கூடாதுன்னு கதவுலயே ஒட்டிக் கெடக்குதுங். கீழ உங்க கையெழுத்துத்தானுங் சார்."

"நானே சொல்றேனே, உடைங்க!"

"வாயில சொன்னா அனுமதி ஆவாது, எழுத்துல இருக்கோணும்னும் போட்டிருக்குதுங் சார். அஞ்சாவது."

அவர் விதிமுறைகளைப் படித்திருந்தார். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்த ஒரே ஆள்.

நூற்று ஒன்று என்று அடுத்த செய்தி வந்தது. ஓட்டுக்குள் மூக்கால் குத்தத் தயாராக இருக்கும் அத்தனை உயிரும் என் கண் முன்னால் வந்தது. அதன் பிறகுதான் வேலை, தீபாவளி, மெத்தை எல்லாம் ஞாபகம் வந்தது.

அப்போது ஆதிரை வந்து, "அப்பா, நேத்து கோழிக்குஞ்சுக்கு ஒரு கால்தான் வரைஞ்சேன். இன்னொரு கால் எப்போ வரையலாம்?" என்று கேட்டாள்.

லேப்டாப்பைப் பூஜையிலிருந்து எடுத்தேன்.

"அய்யோ, என்ன செய்யுதீங்க? நாளைக்குக் காலம்பற தானே எடுக்கணும்!" பகவதி சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் நின்றாள். ஆதிரை நிற்கவில்லை. "தொடப்பிடாதுப்பா! சாமி படிப்பு தராது!" என்று அழ ஆரம்பித்தாள். சத்தமாக. எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது.

குங்குமம் அப்பிய விசைகளில் அந்தச் செயலியைத் திறந்தேன். இலவசச் செயலி. பாஸ்வேர்டு அவள் பெயரும் பிறந்த வருஷமும். ஒரு திருடன் யோசித்தால் டீ குடிக்கிற நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். சாவி கேட்கவில்லை. எதுவும் கேட்கவில்லை. நேற்று அவள் படம் போய்விடக்கூடாதென்று அந்தக் கணினியைப் பூட்டாமல் விட்டு வந்திருந்தேன். திரை திறந்தது.

முழுத் திரையையும் அடைத்துக்கொண்டு ஒற்றைக்கால் மஞ்சள் குஞ்சு நின்றது.

"அழிச்சிராதீங்கப்பா!"

அழிக்கவில்லை. கீழே இறக்கிவிட்டு, நாலாம் நம்பரைத் திறந்தேன். காற்று இழுக்கிற விசிறி நின்றிருந்தது. அதை அணைத்து, மாற்று விசிறியை ஓடவிட்டு, வெளிக்காற்றுப் பலகையை முழுக்கத் திறந்தேன். எண் இறங்கவில்லை. அப்படியே நின்றது. பகவதி என் தோளில் கைவைத்தபடி நின்றாள், எதற்கு என்று கேட்கவில்லை. பிறகு ஒரு புள்ளி இறங்கியது. இன்னொரு புள்ளி.

இருட்டும்போது சூடு சரியாகிவிட்டது. ஆதிரையிடம் மன்னிப்புக் கேட்டேன். இரண்டாவது கால் வரைந்தாள். பூஜை நாளில் வரையலாமா என்று கேட்டதற்கு, "நீங்க தொட்டாச்சே, இனி என்ன" என்றாள்.

அக்டோபர் 14, திங்கள்

நாமக்கல். மாற்று விசிறி ஓடிக்கொண்டே இருக்கிறது. பழைய விசிறியின் வயிற்றிலிருந்து ஜெரால்டு ஒரு முழ நீளத்துக்குச் சாமந்தி மாலையை உருவி எடுத்தான். நார் மோட்டாரில் சுற்றியிருந்தது.

குஞ்சுகள் பொரித்துவிட்டன. கொஞ்சம்தான் சேதம். ஹாலெல்லாம் கீச்சுக்கீச்சு என்று ஒரே சத்தம். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன், வேலை ஒன்றும் இல்லாவிட்டாலும்.

ஐயா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "சாவியெல்லாம் இங்க கெடந்துச்சு. பூட்டுன பூட்டு பூட்டுனபடி. எப்படீங்க தம்பி உள்ள போனீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பதிலையும் சொல்லிவிட்டார். "ஆத்தா கைவிடலீங்க! சாவிய அவ காலடியில வெச்சோம், அவளே தொறந்துவுட்டுட்டா." கணக்குப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் எதுவும் சொல்லவில்லை. இதைப் பொய் என்று சொல்ல முடியாது என்று நினைக்கிறேன்.

பிறகுதான் குண்டைப் போட்டார். "இனி இந்த வெளியூர்ல இருந்து பாக்கற சோலியே வேண்டாமுங்க. ஆளு பக்கத்துல இருந்திருந்தா இவ்ளோ தவிப்பு இருக்குமா? செட்டர் ஹாலை ஒட்டி உங்களுக்கு ஒரு வீடு கட்டித் தர்றேன். கரண்டு நம்முளுது, தண்ணி நம்முளுது. சம்பளமும் ஏத்திர்றேன். உங்களை வுட்டா இந்த மெஷினுக்கு யாருமில்ல." உபரிச் சாவியைப் பூஜையறையிலேயே நிரந்தரமாக வைத்துவிடலாம் என்றும் தீர்மானித்துவிட்டார். அதுதான் பாதுகாப்பாம்.

அக்டோபர் 16, புதன்

செங்கல் லோடு வந்து இறங்கியது.

ஜெரால்டு கண்ட்ரோல் ரூமில் பழைய பதிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தவன், கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்டான்: "சார், ஜூன்ல இருந்து 'ஆதிரை'ன்னு ஒருத்தங்க தெனமும் உள்ள வந்து போறாங்க. இந்த ஸ்டாஃபை நான் பாத்ததில்லீங்களே?"

"இரண்டாம் வகுப்பு" என்றேன்.

அவன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தான். "அழிச்சர்றேனுங் சார். யாருக்கும் தெரியாது."

என்னை நிற்கவைத்து அவன் பதிலுக்குப் பாடம் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அதுதான் வலித்தது. பதிவை அழிக்கவேண்டாம் என்றேன். செயலியை மட்டும் நானே நீக்கினேன்.

சாயங்காலம் போன். "அப்பா, திரையே வர மாட்டேங்கு. அம்மா பாத்தாச்சு, நானும் பாத்தாச்சு." பழுதாகிவிட்டது என்றேன். "எப்போ சரியாகும்?" தெரியவில்லை என்றேன். "வீடு கட்டினா நீங்க அங்கயே இருப்பீங்களாமே, அம்மா சொன்னாங்க" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன்.

அக்டோபர் 17, வியாழன்

ஹேச்சரியின் லெட்டர்பேடில் தட்டச்சு செய்த உத்தரவு: திரு. தாணுலிங்கம், சிஸ்டம்ஸ் மேனேஜர், விதி ஏழை மீறித் திரைப்பகிர்வுச் செயலி வைத்திருந்ததால் உடனடியாகப் பணிநீக்கம் செய்யப்படுகிறார். ஒப்பம்: தாணுலிங்கம், சிஸ்டம்ஸ் மேனேஜர். நகல் பெற்றுக்கொண்டேன்: தாணுலிங்கம்.

ஐயாவிடம் கொண்டுபோய் நீட்டி, நடந்ததை எல்லாம் சொன்னேன். ஆத்தா திறக்கவில்லை, இரண்டாம் வகுப்புப் பிள்ளை வரைவதற்கு நான் விட்டுவைத்த கதவுதான் அது என்றேன். முகம் சிவந்தது. எவனும் நுழையலாம் என்ற கதவா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எழுந்து ஜன்னலுக்குப் போனார். திரும்பி வந்து காகிதத்தை மறுபடி படித்தார்.

"உலகத்துல எவனாச்சும் தன்னையே டிஸ்மிஸ் பண்ணிக்குவானா? விதிய மாத்திப் போட்டாப் போச்சு. செங்கல்லு வந்து கெடக்குது, தம்பி!"

விதியைப் பற்றி ஒரு நல்ல பதில் தயாராக வைத்திருந்தேன். அது வரவில்லை. "எனக்குப் பிள்ளை ஞாபகமாவே இருக்கு ஐயா" என்றேன்.

அவர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "இத மொதல்லயே சொல்லியிருந்தா இந்தச் சாவி கீவியெல்லாம் வாங்கியிருக்கவே வேண்டாமே" என்றார்.

ஜூலை எட்டாம் தேதி நான் எழுதியதைப் புரட்டிப் பார்த்தேன். நிர்வாக வசதியாம்.

நவம்பர் 11, திங்கள்

நாகர்கோவில். வேலை தேடுகிறேன். மீன் வாங்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

இன்று ஐயா போன் செய்தார். புதிதாக வந்த பையன் முதல் வேலையாக ரௌட்டரில் போர்ட்டைத் திறந்துவிட்டானாம். பார்த்துக் கத்தி ஓடிவந்து அடைத்தது ஜெரால்டு. என் அறிக்கையின் முதல் பக்கத்தை அவனுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்காட்டியிருக்கிறான்.

"விதிய எடுத்துப் பாத்தனுங்க. ஆறாவது. வெளியாளுன்னா வெளியூர்ல இருந்து பாக்கலாமுன்னு போட்டிருக்கீங்க. இப்ப நீங்க வெளியாளுதானுங்களே?"

விதி நான் எழுதியது. மறுக்க முடியவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன்: முறையான வழி, முறையான சாவி. ஒன்று என் வீட்டில், ஒன்று ஜெரால்டு வீட்டில், ஒன்று பூட்டு இல்லாத இடத்தில் ராக்கியண்ணனிடம். ஆயுத பூஜைக்கு வேண்டுமானால் ஒன்றைக் கும்பிட்டுக்கொள்ளட்டும்.

நவம்பர் 15, வெள்ளி

கூரியரில் சாவி வந்தது, கூடவே ஒரு பொட்டலம் பொரி. சாவியின் துளையில் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. ஊக்கு வைத்துச் சுரண்டி எடுத்துச் செருகினேன். பாதை திறந்தது. நாலாம் நம்பர், தொண்ணூற்றொன்பதரை.

ஆதிரை பொரியைத் தின்றபடி மடியில் ஏறி உட்கார்ந்தாள். இனிமேல் அந்தக் கணினியில் அவள் வரைய முடியாது, ஒப்பந்தம் இல்லாத வெளியாட்களுக்கு அனுமதியில்லை என்று பக்குவமாக விளக்க ஆரம்பித்தேன். பாதிக்கு மேல் அவள் கேட்கவில்லை.

"அங்க எதுக்கு வரையணும்?" என்றாள். "நீங்கதான் இங்க இருக்கீங்களே."

என் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவிக்கொண்டு, உள்ளங்கையை விரித்து, அதில் ஒரு வட்டம் போட்டாள். கண் வைக்கும்போது கூசியது. அசையாமல் இருக்கச் சொன்னாள்.